ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தல், 1890

ஜெர்மன் பேரரசின் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக்கின் 397 இடங்களுக்கு 1890 பிப்ரவரி 20 அன்று நடந்த தேர்தல். தடைச் சட்டத்தின் பிடியில் இருந்த சோசலிஸ்டுகள் இதில் மற்ற எல்லாக் கட்சிகளையும் விட அதிக வாக்குகள் பெற்றனர். ஒரு மாதத்துக்குள் முதலமைச்சர் ஓட்டோ ஃபான் பிஸ்மார்க் பதவி இழந்தார்.

பேரரசர் முதலாம் வில்லியமைக் கொல்ல இருமுறை முயற்சி நடந்ததைக் காரணம் காட்டி, 1878 அக்டோபரில் பிஸ்மார்க் சோசலிஸ்ட் எதிர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கட்சிக் கிளைகள் கலைக்கப்பட்டன, கூட்டங்களும் பத்திரிகைகளும் தடை செய்யப்பட்டன. பெர்லின், ஹாம்பர்க், லைப்சிக் நகரங்களிலிருந்து பலர் குடும்பத்தைப் பிரிந்து வெளியேற நேர்ந்தது. கட்சி ஏடு முதலில் சூரிச்சிலும் பின்னர் லண்டனிலும் அச்சாகி, எல்லை தாண்டி இரகசியமாக வந்து சேர்ந்தது. ஆனால் தனி மனிதர்கள் தேர்தலில் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அடக்குமுறை விட்டுவைத்த அந்த ஒரே வாசலில்தான் இயக்கம் உயிர் பிழைத்தது. 1881இல் சுமார் 3,12,000 ஆக இருந்த அதன் வாக்குகள் 1887இல் 7,63,000ஐத் தாண்டின.

அந்த 1887 தேர்தலில், பிரான்சுடன் போர் வரும் என்ற அச்சத்தின் நடுவே, பிஸ்மார்க்கை ஆதரித்த பழமைவாதிகள், தேசிய தாராளவாதிகள், பேரரசுக் கட்சி ஆகிய மூன்று கட்சிகளின் ‘கார்ட்டெல்’ கூட்டணி 220 இடங்களைப் பிடித்தது. 1888இல் அரியணை ஏறிய இளைய பேரரசர் இரண்டாம் வில்லியமோ, 1889இல் ரூர் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் தொழிலாளரைச் சலுகைகளால் அரவணைக்க விரும்பினார். தடைச் சட்டத்தை நிரந்தரமாக்கும் மசோதா கூட்டணியைப் பிளந்தது. ஊரைவிட்டு வெளியேற்றும் பிரிவை நீக்க வேண்டும் என்றனர் தேசிய தாராளவாதிகள். அது இல்லாத சட்டம் வேண்டாம் என்றனர் பழமைவாதிகள். 1890 ஜனவரி 25 அன்று மசோதா 169க்கு 98 என்ற வாக்குகளில் தோற்றது. பிப்ரவரி 4 அன்று தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய பேரரசரின் ஆணைகள் பிஸ்மார்க்கின் கையொப்பம் இல்லாமலே வெளிவந்தன. மன்னருக்கும் முதலமைச்சருக்கும் இடையிலான விரிசலை நாடே பார்த்தது.

25 வயது நிறைந்த ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது. பணியிலிருந்த படைவீரர்களும் ஏழை நிவாரணம் பெற்றவர்களும் வாக்களிக்க முடியாது. வாக்குச்சீட்டைக் கட்சிகளே அச்சிட்டுக் கொடுத்தன. உறையும் மறைப்பறையும் 1903இல்தான் வந்தன. அதுவரை, குறிப்பாகக் கிழக்குப் பிரஷ்யப் பண்ணைகளில், கூலியாள் எந்தச் சீட்டைப் போடுகிறான் என்பதை நிலக்கிழாரின் ஆட்களால் கவனிக்க முடிந்தது. இரகசிய வாக்கு என்பது ஏட்டளவில் நின்றது. ஒரு தொகுதியில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவருக்கிடையே மறுசுற்று நடக்கும்.

பதிவான வாக்கு 71.5 விழுக்காடு. சோசலிஸ்டுகள் 14,27,298 வாக்குகள் (19.7 விழுக்காடு) பெற்றும் 35 இடங்களே வென்றனர். கத்தோலிக்கரின் மையக் கட்சி 18.6 விழுக்காட்டுடன் 106 இடங்களைப் பெற்று அவையின் பெரிய கட்சியானது. ஜெர்மன் பழமைவாதிகளுக்கு 12.4 விழுக்காட்டிலேயே 73 இடங்கள் கிடைத்தன. இடதுசாரித் தாராளவாதிகள் 32இலிருந்து 66க்கு உயர்ந்தனர். தேசிய தாராளவாதிகள் 99இலிருந்து 42க்குச் சரிந்தனர். பேரரசுக் கட்சி 41இலிருந்து 20க்கு இறங்கியது. கார்ட்டெல்லின் மொத்தம் 135 ஆனது.

வாக்குக்கும் இடத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளி விழுந்ததற்கு முதற்காரணம் தொகுதி எல்லைகளே. அவை 1860களின் மக்கள்தொகையை வைத்து வரையப்பட்டவை. தொழில் நகரங்கள் பெருத்த பிறகும் எவரும் அவற்றைத் தொடவில்லை. சோசலிஸ்டுகளுக்கு ஓர் இடத்துக்குச் சுமார் 40,800 வாக்குகள் தேவைப்பட்டன. பழமைவாதிகளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே போதுமானதாக இருந்தது. தொழிலாளரின் வாக்குக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே இதைச் சொல்ல வேண்டும். மறுசுற்றுகளில் மற்றவர்கள் ஒன்றுசேர்ந்து சோசலிஸ்டுகளைத் தோற்கடிப்பதும் வழக்கம். அப்படியிருந்தும் ஹாம்பர்க்கின் மூன்று தொகுதிகளும் அவர்கள் வசமாயின. அவற்றில் ஒன்றில் வென்றவர் தலைவர் ஆகஸ்ட் பேபல்.

பெரும்பான்மை இழந்த பிஸ்மார்க், தாம் முன்பு ஒடுக்கிய மையக் கட்சியின் தலைவர் லூட்விக் வின்ட்ஹோர்ஸ்டை மார்ச் 12 அன்று சந்தித்தார். பேரரசர் சினம் கொண்டார். மார்ச் 18 தேதியிட்ட பதவி விலகல் கடிதம் 20 அன்று ஏற்கப்பட்டது. லியோ ஃபான் கப்ரிவி முதலமைச்சரானார்.

தடைச் சட்டம் செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அக்டோபரில் ஹாலே நகரில் கூடிய கட்சி, ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி என்று பெயர் சூடிக்கொண்டது. பேரரசு நீடித்தவரை வாக்குகளில் அதுவே முதலிடத்தில் இருந்தது. இடங்களில் முதலிடம் பெற 1912வரை காத்திருந்தது. அப்போது 34.8 விழுக்காட்டுக்கு 110 இடங்கள். பழைய தொகுதி முறை 1919 ஜனவரித் தேர்தலில் விகிதாசார முறைக்கு இடம் விட்டது. தேசிய அளவில் பெண்களும் அந்தத் தேர்தலில்தான் முதன்முறையாக வாக்களித்தனர்.