பீடிக்கு இரங்கிய வரி

இந்தியாவில் புகையிலைக்குக் கலால் வரி வந்தது 1943இல். போர்ச் செலவுக்குப் பணம் தேடிய பிரிட்டிஷ் அரசு, பதப்படுத்திய இலையின் மீதே எடைக்கு இவ்வளவு என்று வரி போட்டது. லட்சக்கணக்கான சிறு விவசாயிகளின் களங்களைக் கண்காணிப்பது பெரும்பாடு. 1979இல் இலை மீதான வரி நீங்கி, சுமை சிகரெட் முதலிய தயாரிப்புகளுக்கு மாறியது. அதுவரை வருவாய்தான் குறி. நுரையீரல் யார் கணக்கிலும் இல்லை.

1987 முதல் சிகரெட்டுக்கு நீளத்தை அளந்து வரி போடப்பட்டது. குட்டைக்குக் குறைவு, நெட்டைக்கு அதிகம். கம்பெனிகள் குட்டை சிகரெட்டுகளை இறக்கின. 2014 பட்ஜெட்டில் 65 மி.மீ. வரையிலான சிகரெட்டுகளின் வரி ஒரேயடியாக 72 சதவீதம் உயர்த்தப்பட்டது.

பீடியின் கதை வேறு. திருநெல்வேலி, தென்காசி, வேலூர் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காட்டியே அதன் வரி பெயரளவில் நின்றது. ஆண்டுக்கு 20 லட்சம் பீடிகளுக்கு மிகாமல் கையால் சுற்றுவிப்பவருக்குக் கலால் வரியே இருக்கவில்லை. நாளுக்கு ஆயிரம் சுற்றும் ஏழெட்டுப் பெண்கள் ஓராண்டில் முடிக்கும் அளவு அது. பெரிய முதலாளிகள் தொழிலைப் பல பெயர்களில் பிரித்துக்கொண்டு விலக்கைப் பெற்றார்கள். சலுகை போய்ச் சேர்ந்தது சுற்றுபவரின் கூலியிலா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

உடல்நலக் கணக்கில் இந்தச் சலுகை ஏழையின் பக்கமே பாரமாக விழுந்தது. விலை ஏறினால் முதலில் புகையைக் குறைப்பவர்கள் ஏழைகளும் இளைஞர்களும்தான். சிகரெட் மட்டும் ஏறினால் சிலர் பீடிக்கு இறங்கிவிடுகிறார்கள். பீடி இலை காற்றை எளிதில் விடாது. அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே போகும் நிகோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் வயது வந்தோரில் பீடி புகைப்பவர் 7.7 சதவீதம், சிகரெட் புகைப்பவர் 4 சதவீதம். எல்லா வகைப் புகையிலைப் பழக்கமும் சேர்ந்து 2009-10இல் 34.6 சதவீதமாக இருந்தது, 2016-17இல் 28.6 ஆகக் குறைந்திருந்தது. இதில் வரியின் பங்கைத் தனியே பிரிப்பது கடினம். எச்சரிக்கைப் படங்களும் பொது இடத் தடையும் அதே காலத்தவை.

சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கும் பீடிக்கும் 28 சதவீதம்தான். ஆனால் அதற்கு மேல் போட்ட இழப்பீட்டு வரி இரண்டில் சிகரெட்டுக்கு மட்டும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 சதவீதத்துக்கு ஏற்றவும், பீடியை 18 சதவீதத்துக்கும் பீடி இலையை 18இலிருந்து 5 சதவீதத்துக்கும் இறக்கவும் முடிவெடுத்தது.