வீட்டு வழங்கிக்கான இயக்குதளம்: ஒரு வரலாற்றுப் பார்வை

பிற கணினிகள் கேட்கும் கோப்புகளை எடுத்துத் தரும் கணினியே வழங்கி (சர்வர்) எனப்படும். குடும்ப ஒளிப்படங்கள், பாடல்கள், காப்புப்படிகள் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்துப் பேண வீட்டிலேயே இயக்கப்படுவது வீட்டு வழங்கி. இது ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் ஓட வேண்டியது. ஆகவே இதற்கு இயக்குதளம் தேர்ந்தெடுப்போர், வசதிகளோடு அதன் ஆயுளை முடிவு செய்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2007-இல் வீடுகளுக்கென்றே 'விண்டோஸ் ஹோம் சர்வர்' என்னும் இயக்குதளத்தை வெளியிட்டது. வெவ்வேறு கொள்ளளவுள்ள வன்தட்டுகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் வசதி அதன் சிறப்பு. 2011 பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டது. 2012-இல் அந்த வரிசையே கைவிடப்பட்டது. 2016 ஏப்ரலுடன் 2011 பதிப்புக்கான ஆதரவும் முடிந்தது. மூலநிரல் பொதுவில் இல்லாததால் பயனர்கள் அதைத் தாமே தொடர வழியில்லை.

சென்ட்ஓஎஸ், ரெட் ஹாட் நிறுவனத்தின் மூலநிரலிலிருந்து 2004 முதல் இலவசமாக உருவாக்கப்பட்ட லினக்ஸ் வழங்கல். 2014-இல் இத்திட்டம் ரெட் ஹாட்டுடன் இணைந்தது. இதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று பயனர்கள் நம்பியிருந்தனர். ஆனால் 2021 இறுதியிலேயே அது நிறுத்தப்படும் என 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. எனினும் இங்கே மூலநிரல் கட்டற்றது. அதனால் 2021-லேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என இரு மாற்றுகள் தோன்றின. பயனர்கள் தம் வழங்கிகளை அவற்றுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது.

இயன் மர்டாக் 1993-இல் தொடங்கிய டெபியன், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத தன்னார்வலர் திட்டம். முற்றிலும் கட்டற்றதாகவே இருப்போம் என்று 1997-இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில் அது உறுதியளித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நிலைப்பதிப்பு வருகிறது. நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் சுமார் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. நிறுவுவதும் பராமரிப்பதும் பயனரின் பொறுப்பு என்பதால் சிறிது கற்றல் தேவை.

நிறுவனத்தின் பெயரும் வாக்கும் மட்டுமே நீண்ட ஆயுளுக்கு உறுதியாகா என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. ஆகவே ஓர் இயக்குதளத்தை நிறுவும் முன் அதன் ஆதரவு முடியும் தேதியையும் உரிமத்தையும் படித்தறிய வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கோப்புகளின் ஒரு படியை வழங்கிக்கு வெளியே வைத்திருப்பது நல்லது. இயக்குதளத்தை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம், அழிந்துபோன ஒளிப்படங்களை மீண்டும் பெற இயலாது.