மலபார்த் தோட்டமும் ஆம்ஸ்டர்டாம் அச்சும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே விளையும் செடிகொடிகளுள் பலவற்றின் தொன்மையான அச்சுப் படங்களைக் காண விழைவோர், ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சான நூலொன்றையே நாட வேண்டும். 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்பது அதன் பெயர். மலபார்த் தோட்டம் என்பது பொருள். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக இலத்தீன் மொழியில் அது வெளிவந்தது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீடு அதனைத் தொகுப்பித்தார். தொகுப்பித்தவர் அவர், அறிவு தந்தவர்கள் இம்மண்ணின் மக்கள். கடக்கரைப்பள்ளியைச் சார்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், தம் குடும்பத்து ஏடுகளில் இருந்த மருந்தறிவை எடுத்துரைத்தார். ரங்கபட்டர், விநாயகபண்டிதர், அப்புபட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் துணை நின்றனர்.

1675-இல் இட்டி அச்சுதன் எழுதித் தந்த சான்றுரை, கோலெழுத்து வடிவிலேயே முதல் தொகுதியில் அச்சேறியுள்ளது. வட்டெழுத்தின் வழிவந்தது கோலெழுத்து. ஆதலின் தமிழர்க்கு அப்பக்கம் தனியுவகை தருவதாகும். சொன்னவர் யார், சொன்னது எப்போது என்று பதிந்து வைத்த ரீடின் நேர்மையை நாம் மறுத்தல் ஆகாது. கோப்புகளோடு காலங்கழிப்போர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். ஆயினும் நூல் சென்று சேர்ந்த இடம் எது? ஐரோப்பியச் செல்வர்களின் நூலகங்கள். 1753-இல் லின்னேயஸ் செடிகளுக்குப் பெயர் சூட்டியபோது அந்நூற் படங்களைச் சான்றாகக் கொண்டார். வைத்தியரின் வழித்தோன்றல்களுக்கோ அதன் மொழியும் எட்டவில்லை, விலையும் எட்டவில்லை.

அதே ஆம்ஸ்டர்டாம், இன்று அறிவு வாணிகத்தின் தலைநகராய் விளங்குகிறது. எல்சவியர் என்னும் பெரும் பதிப்பகம் அங்கேதான் உள்ளது. 1638-இல் கலிலியோவின் நூலை லெய்டனில் வெளியிட்ட பழைய எல்சவியர் குடும்பத்துக்கும் இதற்கும் பெயரன்றி வேறு உறவில்லை. 1880-இல் தொடங்கிய நிறுவனம், புகழ்பெற்ற பெயரொன்றை எடுத்துச் சூட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் ராபர்ட் மாக்ஸ்வெல் 1951-இல் கைக்கொண்டு வளர்த்த பெர்கமான் அச்சகத்தையும் 1991-இல் அது விலைக்கு வாங்கியது.

இவ்வாணிகத்தின் இயல்பு விந்தையானது. இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அத்தகைய நிலையமொன்றில் ஏலத்தின் அழுகல் நோயை ஆராயும் அறிஞர்க்கு ஊதியம் தருவது அரசு. கட்டுரை எழுதியமைக்குப் பதிப்பகம் அவருக்குக் காசு தருவதில்லை. அதனைச் சீர்தூக்கும் பிற அறிஞர்களும் பெரும்பாலும் கூலியின்றியே உழைக்கின்றனர். பின்னர் உரிமை பதிப்பகத்துக்குப் போகிறது. அரசுப் பணத்தில் இயங்கும் நூலகம் அதே கட்டுரையைச் சந்தா கட்டிப் பெறுகிறது. ஓர் இதழ் விலையேறினால் வேறோர் இதழை வாங்கிக்கொள்ளலாம் என்பதும் இல்லை. ஒரு கட்டுரை ஓரிடத்தில்தானே வெளிவரும்? அண்மைக் காலத்தில், கட்டுரையை எவரும் படிக்கத் திறந்துவிட வேண்டுமெனில் ஆசிரியரே கட்டணம் செலுத்துக என்னும் முறையும் பரவியுள்ளது.

அளவுகோலும் விற்பவன் கையில் உள்ளது. எவர் கட்டுரையை எவர் மேற்கோள் காட்டினர் என்று கணக்கிடும் 'ஸ்கோப்பஸ்' 2004-இல் எல்சவியர் தொடங்கியது. நம் நாட்டுக் கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையும் அக்கணக்கைத் துணைக் கொள்கிறது. அரிசி விற்பவனே எடைக்கல்லையும் செய்தால் சந்தையில் எவர் வாளாவிருப்பர்?

எதிர்ப்பு எழாமல் இல்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளைப் படியெடுத்துத் தந்த சிறு கடையொன்றின்மேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. 2016-இல் உயர்நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. 2017-இல் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. 2024 நவம்பரில் நடுவண் அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கென 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிட்டுமாறு வகுக்கப்பட்டது. சிற்றூர் அரசுக் கல்லூரி போன்றவற்றில் பயிலும் மாணவர்க்கு இது பெரும்பேறே, ஐயமில்லை. எனினும் இது வாடகை வீடு. தனியார் கல்லூரி ஆசிரியரும், எந்நிறுவனத்தையும் சாராத ஆய்வாளரும் முதற்கட்டத்தில் வாயிலுக்கு வெளியேதான்.

வேறு வழியும் உண்டென்பதற்குப் பாலக்காட்டு மாவட்டமே சான்று. அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையை மறித்து மின்நிலையம் அமைக்கும் திட்டத்தை 1979-இல் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து ஆராய்ந்து நூலாக வெளியிட்டது. வல்லுநர் கணக்குகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. வழக்காடல் வீதிக்கு வந்தது. 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால் 1988-இல் அப்பள்ளத்தாக்கின் தாவரத் தொகுதியை வெளியிட்டார்.

அந்த மணிலாலே, பல்லாண்டுகள் இலத்தீன் பயின்று உழைத்து, ரீடின் பன்னிரண்டு தொகுதிகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் அதனைப் பதிப்பித்தது. மலையாளப் பதிப்பு 2008-இல் வந்தது. தென்னையில் தொடங்கும் அந்நூல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து திருவனந்தபுரம் வந்து சேர 325 ஆண்டுகள் ஆயின. 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பெரியார், 2025 சனவரி முதல் நாளன்று காலமானார்.