'விசிட்' என்னும் ஆங்கிலச் சொல்: காண்டலும் கண்காணித்தலும்

முன்னுரை

உறவினர் இல்லத்திற்குச் செல்லுதல், ஊர் காணச் செல்லுதல், மருத்துவர் நோயாளியைப் பார்த்தல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் 'விசிட்' என்பர். தமிழில் இதற்கு 'வருகை' என்பதே பெருவழக்கு. ஆயின், நட்பு முறையில் சென்று காணுதல் என்பது அச்சொல்லின் பிற்காலப் பொருள்களுள் ஒன்று. அதன் முற்பட்ட பொருள்களை வரலாற்று நோக்கில் தொகுத்து, 'வருகை' என்னும் பெயர்ப்பு எங்குப் பொருந்தும், எங்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பும் சமயப் பொருளும்

'காண்' எனப் பொருள்படும் 'விதேரெ' என்னும் இலத்தீன் வினையிலிருந்து, 'சென்று காண்' எனப் பொருள்படும் 'விசேரெ'யும் அதிலிருந்து 'விசிதாரெ'யும் பிறந்தன. 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோது, இறைவன் மாந்தரை அணுகி ஆறுதல் அளித்தலையும், நோயுற்றோரையும் சிறைப்பட்டோரையும் அறமாகச் சென்று காண்டலையும் அது குறித்தது. அளித்தலைக் குறித்த அதே சொல் ஒறுத்தலையும் குறிக்கலாயிற்று. 1665இல் இலண்டனைத் தாக்கிய கொள்ளைநோயை 'விசிட்டேஷன்' என்றே அக்கால மக்கள் வழங்கினர். நட்பு முறையிலான சந்திப்பு என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று.

ஆட்சிப் பொருள்

ஆயர் தம் ஆளுகைக்கு உட்பட்ட கோயில்களையும் மடங்களையும் நேரில் ஆய்ந்து குறைகளைத் திருத்துவதும் 'விசிட்டேஷன்' எனப்பட்டது. 1535இல் தாமஸ் குரோம்வெல் அனுப்பிய அரச ஆணையர்கள் இங்கிலாந்தின் மடங்களை ஆய்ந்தனர். மறு ஆண்டே சிறு மடங்களைக் கலைக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1540க்குள் எஞ்சிய மடங்களும் கலைக்கப்பட்டன. இங்கு 'விசிட்' என்பது விருந்தினர் வரவன்று. ஒரு நிறுவனத்தின் வாழ்வையும் முடிவையும் உறுதிசெய்த நடவடிக்கை.

கல்லூரிகளிலும் 'விசிட்டர்' என்னும் பதவி நிலைபெற்றது. ஆக்ஸ்போர்டு எக்ஸிட்டர் கல்லூரியின் தலைவர் ஆர்தர் பரியை அதன் விசிட்டராகிய ஆயர் 1690இல் பதவிநீக்கம் செய்தார். அதிலிருந்து எழுந்த பிலிப்ஸ் எதிர் பரி வழக்கில், விசிட்டரின் முடிவை நீதிமன்றம் மறு ஆய்வு செய்யவியலாது என்னும் நிலைப்பாட்டைப் பிரபுக்கள் அவை 1694இல் ஏற்றது.

இப்பதவி இந்தியச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திற்கும், 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த திருவாரூர், தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திற்கும் குடியரசுத் தலைவரே விசிட்டர். ஆய்வுக்கு உத்தரவிடவும், சட்டத்திற்கு முரணான நடவடிக்கைகளை நீக்கவும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அதிகாரம் அளிக்கிறது.

தமிழ்ப் பெயர்ப்பு

இப்பதவியை 'வருகையாளர்' எனப் பெயர்த்தால் வந்து செல்பவர் என்றும், 'பார்வையாளர்' எனப் பெயர்த்தால் அவையில் அமர்ந்து காண்பவர் என்றும் பொருள்படும். இரண்டிலும் அதிகாரம் மறைந்துவிடுகிறது. ஆயினும் தமிழில் இதற்குச் சொல்வளம் இல்லாமல் இல்லை. 'பார்' என்னும் வினை 'பார்த்துவிட்டு வருதல்' என்பதில் உறவையும், 'பார்வையிடுதல்', 'மேற்பார்வை' என்பவற்றில் ஆட்சியையும் உணர்த்துகிறது. இலத்தீனைப் போன்றே இங்கும் காண்டலே கண்காணித்தலாக விரிகிறது.

'விசாரி' என்னும் சொல் இன்னும் நெருங்கியது. நலம் விசாரித்தலும் வழக்கு விசாரித்தலும் அதனுள் அடங்கும். யாத்திராகமம் 20:5இல் மூதாதையர் குற்றத்திற்காகப் பிள்ளைகளைத் தண்டித்தலும், மத்தேயு 25:36இல் நோயாளியைச் சென்று காண்டலும் சொல்லப்படுகின்றன. மூலத்தில் முன்னது எபிரேயச் சொல். பின்னது கிரேக்கச் சொல். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் இரண்டையும் 'விசிட்' என்றது. சீர்திருத்தச் சபைகளின் வழக்கிலுள்ள தமிழ் விவிலியம் இரண்டிலும் 'விசாரி' என்னும் வினையையே ஆண்டது.

முடிவுரை

'வருகை' வருபவரின் இயக்கத்தை மட்டுமே சுட்டுகிறது. 'விசிட்' வருபவருக்கும் காணப்படுபவருக்கும் இடையிலான உறவையும் சுட்டுகிறது. எனவே பயண, விருந்தோம்பற் சூழல்களுக்கு 'வருகை' பொருந்தும். சட்டம், திருச்சபை, கல்வி ஆட்சி ஆகிய துறைகளில் 'பார்வையிடல்', 'விசாரணை', 'கண்காணிப்பு' என்பவற்றுள் இடமறிந்து தெரிந்தெடுத்தலே முறை. பெயர்ப்பில் அதிகாரம் மறையுமாயின், அவ்வதிகாரத்தின் எல்லையைக் கேட்கும் வாய்ப்பும் உடன்மறையும்.