சிரிப்பு வாயுவும் மோட்டார் இயந்திரமும்

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, தைப்பிங் நகரை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தின் முன் மோட்டார் வண்டியொன்று கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. வண்டிக்குரியவன் இருபத்து நான்கு வயது வாலிபன். செம்பனை ஆலையில் உழைத்து மூன்றாண்டுகள் சேர்த்த பொருளனைத்தையும் அவ்வண்டியிலே போட்டவன். ‘நாஸ்’ என்று வாலிபர் வழங்கும் வாயுக்குப்பியை அதிற் பொருத்தி, நண்பனோடு பந்தயம் விட்டான். பொத்தானை அழுத்திய சில விநாடிகளில் பேரோசையுடன் இயந்திரம் நின்றது. பிஸ்டன் ஒன்றில் ஓட்டை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பின்னரே அவன் புறப்பட்டான் என்பதையும் சொல்லியாக வேண்டும். “யாரோ கண் வைத்துவிட்டார்கள், கிராணி ஐயா” என்று அவன் அன்னையார் நம்மிடம் கண்ணீர் விட்டார். கண்பார்வைக்கு அலுமினியத்தை உருக்கும் ஆற்றல் உண்டாயின், உலகத்து உருக்காலைகளுக்கு அடுப்பு எதற்கு? உருக்கியது யாது என்பதை அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இவ்வாயுவை 1772-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் ஆங்கில நாட்டு ஜோசப் பிரீஸ்ட்லி. 1799-இல் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்னும் இளைஞர் அதனைத் தாமே முகர்ந்து பார்த்துச் சிரித்தார். ‘சிரிப்பு வாயு’ என்னும் பெயர் நிலைத்தது. 1844-இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ், வலியின்றிப் பல் பிடுங்க அதனைக் கையாண்டார். இம்மூவரும் மோட்டாரைக் கனவிலும் கண்டவரல்லர்.

வாலிபர் பலர் இதனை ஓர் எரிபொருள் என்று எண்ணுகின்றனர். அஃதன்று, தானாக எரியாது, பிறிதொன்றை எரியச் செய்யும். காற்றின் எடையில் பிராணவாயு நூற்றுக்கு 23 பங்கு. இவ்வாயுவிலோ 36 பங்கு. சிலிண்டரின் வெம்மையில் வாயு பிரிந்து பிராணவாயுவை விடுவிக்கிறது. பிராணவாயு மிகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிக வேண்டும். எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரியக் காற்றானால் ஏறத்தாழ 14.7 பங்கு தேவை. இவ்வாயுவானால் ஒன்பதரைப் பங்கே போதும். வாயு வந்து பெட்ரோல் வாராதொழிந்தால், சிலிண்டருள் மிஞ்சிய பிராணவாயு வெறுமனே இராது; தீயை வரம்பு மீறச் சூடேற்றி, இறுதியில் பிஸ்டனையே உணவாகக் கொள்ளும். அவ்வன்னையார் கண்ணேறு என்றது இதனையே.

இன்னொரு பகையும் உண்டு. பட்டறைக்காரர் ‘நாக்கிங்’ என்பர்; நாம் இடிப்பு என்போம். தீப்பொறி மூட்டிய சுவாலை சீராகப் பரவி முடியுமுன், எஞ்சிய கலவை ஒருங்கே தானாக வெடித்துச் சம்மட்டிபோல் பிஸ்டனை அடிப்பதே இடிப்பு. அழுத்தத்தை ஓடும்போதே மாற்றத்தக்க ஒரு சோதனை இயந்திரத்தை அமைத்து, இக்குற்றம் பெரிதும் எரிபொருளின் இயல்பைப் பொறுத்தது என்று விளக்கினார் ஹாரி ரிக்கார்டோ. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, பல பொருள்களைக் கலந்து பார்த்துத் தோற்று, 1921 டிசம்பர் 9-இல் ஈயச் சேர்க்கையொன்றால் இடிப்பை அடக்கினார். இயந்திரம் பிழைத்தது, மனிதர் பிழைத்தாரில்லை. 1924-இல் பேவே என்னுமிடத்து ஆலையில் அவ்வீயத்தைக் காய்ச்சிய தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். ஆயினும் உலகம் அதனைக் கைவிட நூறாண்டுகள் ஆயின. கடைசி நாடாகிய அல்ஜீரியா ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது 2021-இல். தொழிலாளியின் உயிருக்கு உலகம் வைத்த விலை இது! எண்ணெய் நிலையங்களில் நாம் காணும் 95, 97 என்னும் எண்கள் இடிப்பைத் தாங்கும் அளவைக் குறிப்பன. அந்த ஆக்டேன் அளவுகோலை 1926-இல் வகுத்தவர் கிரகாம் எட்கர்.

இரண்டாம் உலகப் போரில் ஆங்கில விமானங்கள் 1940-இல் 100 ஆக்டேன் பெட்ரோலால் வலிமை பெற்றன. ஜெர்மானியரோ, காற்று மெலிந்த உயரத்தில் இயந்திரம் மூச்சுத் திணறுவதைக் கண்டு, ‘ஜிஎம்-1’ என்னும் பெயரால் சிரிப்பு வாயுவைப் புகுத்தினர். 1944-இல் ஆங்கிலேயரும் மாஸ்கிட்டோ விமானங்கள் சிலவற்றில் அதனையே கையாண்டனர். போர் முடிந்தபின் அது பந்தயத் திடலுக்கு இறங்கிற்று, முதலில் கள்ளத்தனமாக. 1976-இல் டேடோனா தகுதிச் சுற்றில் ஃபாய்ட், வால்டிரிப் என்னும் பேர்பெற்ற ஓட்டிகளின் நேரக்கணக்கு இதன் பொருட்டே தள்ளப்பட்டது. 1978-இல் கலிபோர்னியாவில் இதற்கென ஒரு கம்பெனியே எழுந்தது. அதன் பெயர்ச் சுருக்கமே ‘நாஸ்’. 2001-இல் வந்த ஒரு சினிமாப் படம் அதனை நம் லயங்கள்வரை கொண்டுவந்து சேர்த்தது.

சினிமாவில் தைப்பிங்கின் வெயில் இல்லை, மழையும் இல்லை. இவ்வாயு 36.4 பாகை செல்சியஸுக்கு மேல் திரவமாய் நிற்பதில்லை. 20 பாகையில் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 50 மடங்காயிருக்கும் குப்பியின் அழுத்தம், அவ்வெல்லையில் 70 மடங்கைக் கடக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் உள்ளறை இதனை எளிதில் தாண்டும். குப்பி சூடேறினால் வாயு மிகுதியாய்ப் பாயும், பெட்ரோல் பழைய அளவே வரும், கலவை வறளும். பிற்பகல் மழையில் குப்பி குளிர்ந்தால் இதற்கு மறுதலை. காலையில் சேர்த்த சுருதி மாலையில் பிசகும் என்க. குப்பியை நெருப்புக் காட்டிச் சூடேற்றுவாரும் உளர்; அவர்க்கு நாம் கூறத்தக்கது ஒன்றுமில்லை, விலகி நிற்பதே நலம்.

இதே தைப்பிங்கிலிருந்து 1885 ஜூன் முதல் நாள் போர்ட் வெல்டுக்கு மலாய் நாட்டின் முதற் புகைவண்டி ஓடிற்று. அதனை ஓட்டியவர் வேகத்தைவிட நீர்க்கண்ணாடியையும் அழுத்தமானியையும் நோக்கியிருந்திருப்பார். நீர் வற்றினால் அடுப்பின் மேல்தகடு வெந்து கொதிகலம் வெடிக்கும். வாயுவேறிய மோட்டாரில் நீரின் இடத்தில் இருப்பது பெட்ரோல். ஆகவே தேர்ந்தவர் முதலில் வாங்குவது குப்பியன்று, வலிய பெட்ரோல் பம்பு. பெட்ரோல் அழுத்தம் தாழ்ந்தவுடன் வாயுவைத் தானே அடைக்கும் விசையை வைப்பர். 50 குதிரைத்திறன் கூட்டினால் தீப்பொறியை ஏறத்தாழ 2 பாகை தாமதிப்பது பட்டறை வழக்கு. மெல்ல ஓடும் இயந்திரத்தில் வாயுவைத் திறவார். குழாயில் தேங்கித் தீப்பற்றும். பந்தயத்தையும் திடலில் வைத்துக்கொள்வர். தோட்டத்துச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் நடக்கின்றனர்.

அவ்வாலிபனின் இயந்திரத்தைப் பிரித்த நாளில் நாமும் உடனிருந்தோம். பெட்ரோல் வடிகட்டி கறுத்து அடைந்து கிடந்தது. பம்பு, வண்டி பிறந்த நாளில் பூட்டியது. குப்பி பூட்டிய பட்டறையார் இரண்டையும் தொட்டுப் பார்க்கவில்லை. வடிகட்டியின் விலை என்னவென்று அவன் அன்னையார் கேட்டார். சொன்னோம். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.