வொய்னிச் கையெழுத்துப் பிரதி

வொய்னிச் கையெழுத்துப் பிரதி என்பது இதுவரை வாசிக்கப்படாத எழுத்துமுறையில், பதப்படுத்திய தோலில் எழுதப்பட்ட ஐரோப்பிய நூல் ஆகும். 1912 இல் இதனை வாங்கிய நூல் வணிகர் வில்பிரிட் வொய்னிச்சின் பெயரால் அழைக்கப்படுகிறது. இது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

வல்லுநர் கருத்தும் சான்றும்

1921 இல் மெய்யியல் பேராசிரியர் வில்லியம் நியூபோல்டு, இதனை 13 ஆம் நூற்றாண்டு அறிஞர் ரோசர் பேக்கன் எழுதியதாகவும், எழுத்துகளிலுள்ள நுண்கோடுகளில் பொருள் மறைந்திருப்பதாகவும் அறிவித்தார். அவரது புலமையை மதித்த அறிஞர் சிலர் இதனை ஏற்றனர். 1931 இல் மறைகுறியீட்டியலில் தேர்ந்த ஜான் மான்லி, அக்கோடுகள் மை உலர்ந்து வெடித்ததால் உண்டானவை என்றும், நியூபோல்டின் முறையில் ஒரே பகுதிக்குப் பல வாசிப்புகள் கிடைக்கும் என்றும் காட்டினார். 2009 இல் எடுக்கப்பட்ட மாதிரிகளின் கார்பன் காலக்கணிப்பின்படி இத்தோல் 1404-1438 காலத்தைச் சேர்ந்தது. எனவே பேக்கன் இதனை எழுதியிருக்க இயலாது.