ஒரு டாலர் ஒப்பந்தம்

ஐதராபாத் மங்கை சானியா மிர்சா 2005-இல் தம் நகரிலேயே டென்னிஸ் பட்டம் வென்றதைத் திருமுல்கேரி வாழ் தமிழன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய மகளிர் போட்டிகளுக்கு வித்திட்டது, 1970-இல் எழுந்த ஒரு பரிசுப் பணப் பிணக்கேயாகும்.

அவ்வாண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் ஆடவர் வெற்றியாளருக்கு 12,500 டாலர், மகளிருக்கோ 1,500. போட்டியை நடத்தியவர் ஜாக் கிராமர். நம் ராமநாதன் கிருஷ்ணனை 1959-இல் தொழில்முறை ஆட்டத்திற்கு அழைத்தவரும் இவரே. முறையீடு பயன்தரவில்லை. எனவே பில்லி ஜீன் கிங் முதலிய ஒன்பதின்மர், பத்திரிகையாளர் கிளாடிஸ் ஹெல்ட்மனுடன் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தமிட்டு, ஹூஸ்டனில் தனியே ஆடினர். அமெரிக்கச் சங்கம் தன்னாட்டு வீராங்கனையரைத் தடைசெய்தது, அவர்கள் தளரவில்லை.

1973-இல் மகளிர் டென்னிஸ் சங்கம் பிறந்தது. அவ்வாண்டே அமெரிக்க ஓப்பன் சமப்பரிசு வழங்கிற்று. விம்பிள்டன் இணங்கியதோ 2007-இல்தான். பங்கு கேட்டவர்கள் முதலில் இழக்கத் துணிந்தார்கள். பயனைப் பின்வந்தோர் பெற்றனர்.